குமரி மண்ணில் ஒரு கொலை வழக்கு: போலீஸ் தொடர் எழுத முழுமையான வழிகாட்டி

மனசு உடைந்த ஒரு ஆய்வாளர், ஒரு கொலை, மழை, தூக்கமில்லாத இரவுகள். இந்த வகைத் தொடர்களுக்குத் தமிழில் இப்போது நல்ல கூட்டம் இருக்கிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கையில் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு இப்படி ஒன்றை எடுக்கத் துடிக்கும் இளைஞர்களும் நிறைய. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் ஆய்வாளரிலிருந்து தொடங்குகிறார்கள். மனைவி இறந்துவிட்டாள், குடிக்கிறார், யாரோடும் பேசமாட்டார் என்று முதலில் ஆளை உடைத்து வைத்துவிட்டு, அப்புறம் அவருக்கு ஒரு பிணத்தைத் தேடுகிறார்கள். அதனால்தான் அந்த ஆய்வாளர் எந்த ஊரிலும் பொருந்துகிறார், எந்த ஊரிலும் ஒட்டாமலும் இருக்கிறார். நான் சொல்லும் வழி தலைகீழ். முதலில் ஊர், அடுத்து கொலை, அடுத்து சட்டம் கொடுக்கும் கெடு. கடைசியில்தான் ஆய்வாளர். அவருடைய காயம் அவர் பார்க்கும் வேலையிலிருந்தே வர வேண்டும்.

படி 1: பிணம் கிடக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் கன்னியாகுமரி. சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் வாழ்க்கையே மாறிவிடும். ஆரல்வாய்மொழியில் காற்றாலையும் செங்கல் சூளையும். தோவாளையில் விடியும் முன்பே தொடங்கும் பூச்சந்தை. முட்டம், குளச்சல், தூத்தூர் பக்கம் கடல். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர். களியக்காவிளையைத் தாண்டினால் வேறு மாநிலம். இந்த ஒவ்வொன்றிலும் அதிகாலையில் விழித்திருப்பவர் வேறு ஆள். கொலைக் கதையில் அதுதான் முதல் கேள்வி: அந்த நேரத்தில் அந்த இடத்தில் விழித்திருந்தது யார்?

கடலை எடுத்துக்கொண்டால் நாள்காட்டியைப் பாருங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு தடையும் இந்த ஒரே மாவட்டத்துக்குள் வருகின்றன. ஜூன் முதல் இரண்டு வாரம் சின்னமுட்டத்திலும் படகு போகாது, குளச்சலிலும் போகாது, நாட்டுப்படகுகள் மட்டும்தான். ஜூன் 20 என்றால் ஒரு பக்கம் போகும், மறுபக்கம் போகாது. கடலில் ஒரு உடலைப் போட்டவன் எதை நம்பிப் போட்டான் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

நான் இங்கே ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அருமனைப் பக்கம், பனச்சமூடு எல்லைக்கு அருகே, பெயரைக் கற்பனையாக வைத்துக்கொண்ட ஒரு ஊர். காவல் நிலையத்தின் பெயரையும் கற்பனையாகவே வையுங்கள். உண்மையான நிலையத்தின் பெயரைப் போட்டால் அங்கே இப்போது வேலை பார்ப்பவர்கள் மேல் நீங்கள் அறியாமலே பழி போட்டுவிடுவீர்கள்.

படி 2: அந்த ஊரின் தொழிலுக்குள் துப்பை ஒளித்து வையுங்கள்

இந்தப் படிக்கு நிறைய நேரம் கொடுங்கள். தொடரின் உயிர் இங்கேதான்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டு, அதாவது பட்டையைக் கீறிப் பால் வடிப்பது, இருட்டோடு நடக்கும் வேலை. வெயில் ஏறுவதற்கு முன்பு, குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு தொழிலாளி முந்நூறு மரம் வரை வெட்டிக்கொண்டே போவார். பால் சிரட்டையில் சொட்டும். பிறகு திரும்பி வந்து அதே வரிசையில் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடிப்பார்கள். ஒரே மரத்தைத் தினமும் வெட்டுவதில்லை. ஒன்றுவிட்ட நாள், அல்லது இரண்டு நாள் விட்டு வெட்டுவார்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, பால் வழிந்து வீணாகும். அதனால் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே பல தோட்டங்களில் வெட்டுக்கு மேலே பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டிவிடுவார்கள். அது இருந்தால் இரவு மழை பெய்திருந்தாலும் காலையில் வெட்டலாம்.

இவ்வளவும் தெரிந்தால் கொலை தானாகவே உருவாகும். இறந்தவர் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர், பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வட்டிக்கும் கொடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மாதம். நள்ளிரவு தாண்டியும் மழை. கொலையாளிக்கு ரப்பர் தெரியும். இவ்வளவு மழைக்குப் பிறகு வெட்டு இருக்காது, ஒரு முழுப் பகல் யாரும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போடுகிறான். அவனுக்கு அந்த ஒரு பகல் போதும், அன்று மாலை திருவனந்தபுரத்திலிருந்து அவனுடைய விமானம். ஆனால் அந்தத் தோட்டத்தில் இந்த வருடம்தான் முதல் முறையாகப் பிளாஸ்டிக் கட்டியிருக்கிறார்கள். இருட்டிலும் மழையிலும் அவன் அதைக் கவனிக்கவில்லை. நாலு மணிக்கு வெட்டுக்காரர் வந்துவிட்டார்.

அப்படியென்றால் கொலையாளி யார்? ரப்பர் தெரிந்தவன், ஆனால் மே மாதத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்காதவன். விடுமுறைக்கு வந்த வளைகுடாக்காரன். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் பகுதியில் இது இயல்பாக வந்து உட்காரும்.

இந்தத் துப்பை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள். பிணத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மரங்கள், எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் பாவாடை. வெளியூர் ஆய்வாளருக்கு அது வெறும் தோட்டம். பார்ப்பவருக்கும் அப்படியே. அதன் அர்த்தத்தை நாலாவது அத்தியாயத்தில் ஒரு வெட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொல்லட்டும்.

இன்னொன்று. வெட்டுக்காரர் நாலு மணிக்கு உடலைப் பார்த்தார். போலீசுக்குத் தகவல் போனது ஐந்தேகாலுக்கு. நடுவில் என்ன செய்தார்? மரம் வெட்டினார். ஒரு நாள் கூலி. அது போனால் அன்று மனைவியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக முடியாது. ஆய்வாளர் அங்கே நின்று எத்தனை சிரட்டையில் பால் இருக்கிறது என்று எண்ண வைக்க வேண்டும். எத்தனை மரம் வெட்டினார் என்பதிலிருந்து எவ்வளவு நேரம் வெட்டினார் என்பது தெரியும். சந்தேகமும் அங்கேதான் பிறக்கும், பரிதாபமும் அங்கேதான்.

படி 3: சட்டத்தின் கெடுவை எழுதி சுவரில் ஒட்டுங்கள்

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. உங்கள் கதை அதற்குப் பிறகு நடக்கிறது என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 302-ஐ யாரும் வழக்குப் பிரிவாகச் சொல்லக் கூடாது. கொலைக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 103. பழகிய நாக்குக்கு 302 வரத்தான் செய்யும், ஒரு வயதான ஏட்டு அப்படிச் சொல்லி, நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் திருத்துவது நல்ல காட்சி. ஆனால் காகிதத்தில் 103 இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மாவட்டக் காவலில் துப்பறிவாளர் என்று தனிப் பதவி கிடையாது. கொலை வழக்கை விசாரிப்பவர் நிலையத்தின் ஆய்வாளர். அவருக்கு மேலே டிஎஸ்பி, அதற்கு மேலே எஸ்பி. கீழே எஸ்ஐ, எஸ்எஸ்ஐ (சிறப்பு எஸ்ஐ), ஏட்டு, காவலர்கள். பல வெளிநாட்டுத் தொடர்களில் வரும் ஆளுக்கு ஒரே வேலை கொலையைக் கண்டுபிடிப்பது. நம் ஆய்வாளருக்கு வழக்கு ஓடும்போதே ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் பந்தோபஸ்து, இரண்டு சாலை மறியல், நீதிமன்றத்தில் பழைய வழக்கு ஒன்றில் சாட்சி, எல்லாம் இருக்கும். இந்த நெருக்கடியை எழுதினாலே பாதி இருட்டு வந்துவிடும். தனியாகச் சோக இசை தேவைப்படாது.

வரிசையைப் பார்ப்போம். தகவல் வந்ததும் கொலை என்று உறுதியில்லாவிட்டால் முதலில் சந்தேக மரணம் என்று பதிவாகும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 194. பிறகு மருத்துவர் சொன்னதை வைத்துப் பிரிவை மாற்றுவார்கள். அந்த மாற்றத்துக்கு இடைப்பட்ட நேரம் நாடகத்துக்கு மிக நல்லது, ஏனென்றால் அதுவரை யாரையும் முறையாகக் குற்றவாளி என்று தேட முடியாது. முதல் தகவல் அறிக்கையின் நகல் தாமதமில்லாமல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போக வேண்டும். நம் கதையில் குழித்துறை நீதிமன்றம். ஒரு காவலர் மழையில் பைக்கில் அதை எடுத்துக்கொண்டு போவதை எழுதுங்கள். வழியில் மரம் விழுந்து இரண்டு மணி நேரம் தாமதம். பல மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் பிடித்துக்கொள்வார்: அந்த இடைவெளியில் அறிக்கையை மாற்றி எழுதினீர்கள், இல்லையா?

சம்பவ இடத்தில் பார்வை மகஜர் (சாட்சிகள் முன் பார்த்ததை எழுதும் பதிவு), மாதிரி வரைபடம், பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை. மகஜருக்குக் கையெழுத்துப் போட ஊர்க்காரர் இருவர் வேண்டும். அவர்களைப் பிடிப்பதே பாடு. யாருக்கும் கோர்ட் படி ஏற விருப்பமில்லை. தேடுதலையும் கைப்பற்றுதலையும் இப்போது வீடியோ எடுக்க வேண்டும், அது அதே சன்ஹிதாவின் பிரிவு 105. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து பார்ப்பதையும் புதிய சட்டம் சொல்கிறது. மோப்ப நாய் வந்து இரண்டு வரிசை மரம் தாண்டி நின்றுவிடும், மழை மணத்தைக் கழுவிவிட்டது.

உடல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும். பிரேதப் பரிசோதனை மருத்துவரை "சரியாக இரவு 11.40-க்கு இறந்தார்" என்று பேச வைக்காதீர்கள். உடல் விறைப்பு மூன்று நாலு மணி நேரத்தில் தெரியத் தொடங்கி சுமார் 12 மணி நேரத்தில் முழுமையாகும், ஆனால் வெப்பமும் ஈரமும் அதை முன்பின்னாக்கும். நல்ல மருத்துவர் ஒரு இடைவெளியைத்தான் சொல்வார். அந்த இடைவெளியில் இரண்டு பேருக்கு வாய்ப்பு இருக்கும்படி நீங்கள் எழுத வேண்டும். உள்ளுறுப்பு மாதிரிகள் திருநெல்வேலி வட்டாரத் தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கை அடுத்த காட்சியிலேயே வராது. காத்திருப்பதையும் எழுதுங்கள்.

மருத்துவமனை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்துவிடுவார்கள். குற்றவாளியைக் கைது செய்தால்தான் வாங்குவோம். இதை நம் தொடர்கள் வெறும் கூட்டக் காட்சியாகக் கடந்துவிடுகின்றன. உண்மையில் ஆய்வாளர் மேல் அழுத்தம் ஏறுவது இங்கேதான். சப்-கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஆள் வரும், டிஎஸ்பி போனில் கத்துவார், யாரையாவது கைது காட்டச் சொல்வார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் யார்? ஒன்றேகால் மணி நேரம் கணக்குச் சொல்ல முடியாத அந்த வெட்டுக்காரர்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கொலை வழக்கில் நடுவர் காவலில் வைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் கேட்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. 15 நாள் போலீஸ் காவலை முதல் 60 நாளுக்குள் பகுதி பகுதியாகவும் கேட்கலாம். இந்த எண்களை அட்டையில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்.

படி 4: எல்லையைப் பயன்படுத்துங்கள்

கடத்தல் லாரி, சோதனைச் சாவடி, துரத்தல் என்று எல்லையை எழுதுவது சுலபம். எல்லையில் இருப்பவர்களுக்கு அது அன்றாடம். பனச்சமூட்டில் சந்தைக்குப் போய் வருபவர் ஒரே நாளில் நாலு முறை மாநிலம் தாண்டுவார். பெண் கொடுத்திருப்பது அந்தப் பக்கம், நிலம் இந்தப் பக்கம்.

கைபேசிக் கோபுரத்தை நினைத்துப் பாருங்கள். எல்லையோரம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாலே கேரளக் கோபுரம் பிடிக்கும். அழைப்பு விவரப் பட்டியலில் ஒருவர் அன்று இரவு கேரளப் பக்கத்து வெள்ளறடையில் இருந்தார் என்று தெரிந்தால் அது சாட்சி ஆகாது, அவர் தன் படுக்கையில் இருந்திருக்கலாம். வெளியூர் ஆய்வாளர் இதில் மூன்று நாளை இழப்பார்.

மேற்குக் குமரியில் கடுமையாக அடிபட்டவரைப் பலரும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குத்தான் கொண்டுபோவார்கள். அங்கே இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனை அங்கே, தகவல் அந்தப் பக்கப் போலீசிலிருந்து வர வேண்டும், ஆவணம் மலையாளத்தில் இருக்கும். உங்கள் கதையில் இரண்டாவது ஒருவர் தாக்கப்பட்டால் அவரை அங்கே அனுப்புங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனை குமரி மாவட்டத்துக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. அந்த வாசலில் ஒரு காட்சி வைக்க ஆசைப்பட்டால் அனுமதிக்கு அந்தப் பக்கம்தான் எழுத வேண்டும். முன்கூட்டியே எழுதுங்கள்.

படி 5: இப்போது ஆய்வாளர்

இவ்வளவும் ஆன பிறகு ஆளைத் தேடுங்கள். வழக்கே அவரைக் கூப்பிடும். நம் வழக்கின் மையத்தில் ஒரு ஏழை நிற்கிறார், அவரைக் குற்றவாளியாக்கினால் எல்லோருக்கும் நிம்மதி. அப்படியானால் ஆய்வாளரின் காயம் என்னவாக இருக்கும்? முன்பு ஒரு முறை, வேறு மாவட்டத்தில், எஸ்ஐ-ஆக இருந்தபோது அவர் அதைச் செய்திருக்கிறார். மேலிடம் அவசரப்படுத்தியது, கைக்கு எட்டியவரைப் பிடித்தார், சாட்சிகள் பிறழ்ந்தார்கள், நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குள் அந்த மனிதரின் குடும்பம் சிதறிவிட்டது. ஆய்வாளருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. பதவி உயர்வுகூடக் கிடைத்தது. அதுதான் அவரைத் தூங்கவிடாதது.

இந்தக் காயத்தை வசனத்தில் சொல்லாதீர்கள். அவர் சிரட்டைகளை இரண்டாம் முறை எண்ணச் சொல்வதில் தெரியட்டும். ரைட்டர் எழுதிய வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுத வைப்பதில் தெரியட்டும். வழக்கு நாட்குறிப்பில் ஒரு வரியை எழுதாமல் பேனாவோடு உட்கார்ந்திருப்பதில் தெரியட்டும்.

குடிப்பழக்கம் வேண்டும் என்றால் வையுங்கள், தடையில்லை. ஆனால் காவல் துறையில் ஒருவரை உண்மையில் அரிப்பவை வேறு: 3பி குற்றச்சாட்டு மெமோ (கடும் தண்டனைக்கான துறை நடவடிக்கை), ஆயுதப்படைக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம், பணியிடம் தராமல் வைக்கும் காத்திருப்போர் பட்டியல், பிள்ளையின் பள்ளி ஒரு ஊரில் தன் பணி ஒரு ஊரில் என்ற பிரிவு. நாகர்கோவிலில் வாடகை வீட்டில் மனைவியும் மகளும், அவர் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறையில். வாரத்தில் ஒரு இரவு வீட்டுக்குப் போகிறார். மகள் அவரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறாள், விருந்தாளியைப் பார்ப்பது போல. மனைவியைக் கொல்லாமலே இந்தக் குடும்பம் போதுமான வலியைத் தரும். கதாநாயகனுக்குச் சோகம் வேண்டும் என்பதற்காகப் பெண்களைச் சாகடிப்பதை நம் எழுத்தாளர்கள் நிறுத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அவரை வெளியூர்க்காரர் ஆக்குங்கள், விருதுநகர் அல்லது தேனி. ரப்பரும் தெரியாது, மேற்குக் குமரியின் விளவங்கோட்டுப் பேச்சும் முழுதாகப் பிடிபடாது. உள்ளூரை அவருக்குத் திறந்து காட்டுவது ஒரு எஸ்எஸ்ஐ. ஓய்வுக்கு ஒரு வருடம் இருப்பவர், எல்லாக் குடும்பமும் தெரிந்தவர், அதனாலேயே சிலதைச் சொல்லாமல் மறைப்பவர். இந்த இருவருக்கும் நடுவிலிருக்கும் நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும்தான் தொடரின் முதுகெலும்பு.

படி 6: விசாரணை அறையில் அடியை நம்பாதீர்கள்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சட்டையைக் கழற்றி, லத்தியை எடுத்து, இரண்டு நிமிடத்தில் உண்மையை வரவழைக்கும் காட்சியை எழுதாதீர்கள். 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டத்தில், சாத்தான்குளத்தில், ஒரு தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அதற்குப் பிறகும் அந்தக் காட்சிக்குக் கைதட்டல் வாங்க எழுதுவது எனக்கு ஏற்பில்லை.

கதைக்கும் அது உதவாது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 23 அதைத் தெளிவாகச் சொல்கிறது. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவு மட்டும் செல்லும். ஆகவே உங்கள் உச்சக் காட்சி "நான்தான் கொன்றேன்" என்பதல்ல. குளத்தங்கரையில் எல்லோரும் நிற்க, மகஜர் சாட்சிகள் பார்க்க, அவன் கைகாட்டிய இடத்தில் காவலர் இறங்கித் துழாவுவது. கிடைக்குமா, கிடைக்காதா? உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை எல்லாம் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. அதையும் மாய மருந்தாகக் கொண்டுவராதீர்கள்.

நம் ஊருக்கே உரிய இரண்டு திருப்பங்கள் உண்டு. ஒன்று, குற்றவாளி கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புக்கொள்வது. அவர் போலீஸ் இல்லை என்பதால் அந்த வாக்குமூலத்துக்கு வேறு மதிப்பு. அது உண்மையா, தயார் செய்யப்பட்டதா என்ற சண்டை விசாரணை முழுவதும் ஓடும். இரண்டு, வேறு ஏதோ ஊர் நீதிமன்றத்தில் போய்ச் சரணடைவது. மூன்று தனிப்படை தேடிக்கொண்டிருக்கும்போது அவன் வக்கீலோடு வள்ளியூரிலோ மதுரையிலோ நடுவர் முன் நிற்பான். ஆய்வாளர் அவனைக் காவலில் எடுக்க மனு போட வேண்டும். அவ்வளவு துரத்தலும் ஒரு காகிதத்தில் முடியும் அந்த ஏமாற்றத்தை நடிகர் முகத்தில் காட்டட்டும்.

பெண் சாட்சிகளையும் 60 வயது தாண்டியவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது, அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். நம் வெட்டுக்காரருக்கு 62 வயது வைத்தால் ஆய்வாளர் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும். அடுப்படியில் மனைவி இருமுவது கேட்கும். அக்கம்பக்கம் வேலியோரம் நின்று பார்க்கும்.

படி 7: பேச்சு

குமரிப் பேச்சு ஒன்றல்ல. நாகர்கோவில் வேறு, கடற்கரை வேறு, விளவங்கோடு வேறு. எல்லோர் வாயிலும் "மக்கா" போட்டால் ஆகிவிடாது. குறைவாக எழுதுங்கள், சரியாக எழுதுங்கள். ஒரு மாதிரி:

"எத்தன மணிக்கு வந்தீங்க பெரியவரே?"
"நாலு இருக்கும் சாரே."
"ஸ்டேஷனுக்குச் சொன்னது அஞ்சேகால்."
"ஆமா."
"நடுவுல?"
"வெட்டிட்டு நிண்ணேன்."
"பாத்ததுக்கு அப்புறமுமா?"
"இண்ணைக்கு எனக்க வீட்டுக்காரிய ஆசாரிப்பள்ளத்துல காட்டணும் சாரே. வண்டிக்கூலி வேணும்லா."

ஆய்வாளர் அவரைப் பெரியவரே என்கிறார், ஒருமையில் பேசவில்லை. அதிலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும். டிஎஸ்பி வந்து அதே ஆளை "ஏய்" என்று கூப்பிட்டால் எதையும் விளக்க வேண்டியதில்லை.

படி 8: 90 நாளை எட்டாகப் பிரியுங்கள்

எட்டு அத்தியாயம் என்றால் நாட்களைச் சமமாகப் பிரிக்காதீர்கள். முதல் அத்தியாயம் முழுவதும் முதல் நாள், அதிகாலை நாலிலிருந்து இரவு குழித்துறைக்குக் காகிதம் போகும் வரை. இரண்டாவது, பிணவறை வாசலும் அடக்கமும். மூன்றாவதில் வெட்டுக்காரர் மேல் வளையம் இறுகும், கோபுரத் தகவல் ஏமாற்றும். நாலாவதில் பிளாஸ்டிக் பாவாடையின் அர்த்தம் தெரியவரும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஒரு மாதமே ஓடிப்போகட்டும், ஆடி அமாவாசைப் பந்தோபஸ்தும் மாற்றல் வதந்தியும் அங்கே. வெளிநாட்டுக்குப் போய்விட்டவனை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? அவனுடைய அம்மாவின் உடல்நிலை, தங்கையின் திருமணம், அவன் தானாக வரும் ஒரு காரணம். அதை ஆய்வாளர் பயன்படுத்தலாமா என்பதே ஏழாவது அத்தியாயத்தின் தார்மீகச் சண்டை. எட்டாவது, குற்றப்பத்திரிகை தாக்கலாகும் நாள்.

தீர்ப்பு வரை இழுக்காதீர்கள். அதற்கு ஆண்டுகள் ஆகும், அது வேறு தொடர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த மாவட்டத்தில் சமயங்கள் நெருக்கமாக வாழ்கின்றன. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த சமயக் கலவரம் இன்னும் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. இறந்தவர் ஒரு சமயம், சந்தேக நபர் வேறு சமயம் என்று வைத்து அதைப் பதற்றத்துக்குப் பயன்படுத்த ஆசை வரும். கதைக்கு உண்மையிலேயே தேவை இருந்தால் மட்டும் தொடுங்கள். தொட்டால், அந்தப் பதற்றத்தைத் தணிக்க இரவெல்லாம் நடக்கும் பாதிரியாரையும் ஊர்ப் பெரியவரையும் ஜமாத் தலைவரையும் எழுதாமல் விடாதீர்கள்.

படி 9: எடுக்கும்போது

ஜூன், ஜூலை வெளிச்சம் இந்த வகைக் கதைக்கென்றே அமைந்தது. நாள் முழுவதும் சாம்பல் நிறம். ரப்பர் தோட்டத்துக்குள் பகல் பதினொரு மணிக்கே மாலை மாதிரி இருக்கும். நீல வடிகட்டியைப் பின்னால் போட்டு இருட்டாக்க வேண்டாம். பிப்ரவரியை ஒட்டி இலை உதிர்ந்து, மரங்கள் மொட்டையாகி, பல தோட்டங்களில் வெட்டும் நிற்கும், அப்போது எடுத்தால் கதையே பொய்யாகிவிடும். உண்மையான வெட்டுக்காரர் ஒருவரை நடிகருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூலிக்கு அமர்த்துங்கள், கத்தி பிடிக்கும் கை ஒரு நாளில் வராது. மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு, விவேகானந்தர் பாறை மூன்றும் எல்லோரும் எடுத்துவிட்ட இடங்கள். கதைக்குத் தேவையில்லாமல் அங்கே போகாதீர்கள்.

படி 10: மூன்று பேரிடம் கொடுங்கள்

எழுதி முடித்த பிரதியை மூன்று பேர் படிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஒரு ஏட்டு அல்லது எஸ்எஸ்ஐ, யார் யாரிடம் எப்படிப் பேசுவார்கள், யார் உட்காருவார்கள், யார் நிற்பார்கள் என்பதைத் திருத்துவார். குழித்துறையிலோ பத்மநாபபுரத்திலோ குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவர், உங்கள் ஆய்வாளர் எங்கே தவறினார் என்று காட்டுவார். அந்தத் தவறுகளை உடனே அழித்துவிடாதீர்கள். சிலவற்றை அப்படியே விட்டு எட்டாவது அத்தியாயத்தில் எதிர்த்தரப்பு கையில் கொடுங்கள். மூன்றாவது ஆள் ரப்பர் வெட்டுபவர். அவருக்கு உட்கார்ந்து படிக்க நேரம் இருக்காது, தோட்டத்தில் பால் எடுக்கும் நேரத்துக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில் நீங்களே போய் வாசித்துக் காட்டுங்கள். மழைக்கு அப்புறம் வெட்டு உண்டா இல்லையா என்ற இடத்தில் அவர் முகத்தைக் கவனியுங்கள். அவர் தலையாட்டினால் படப்பிடிப்புக்குத் தேதி குறிக்கலாம். தலையாட்டவில்லை என்றால் இரண்டாவது படியிலிருந்து மறுபடி எழுதுங்கள்.